தையலுக்கென்று கால் அங்குலம்

கே.கே. நகர், மதுரை.
ஆடி 20, செவ்வாய்க்கிழமை.

மகனே,

நானும் உன் அம்மாவும் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். கேட்டால் 'ம்' என்கிறாய், அதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை. சென்ற வாரம் முழுவதும் உன்னைத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தேன். வேலையில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று குறுஞ்செய்தி வந்ததே தவிர, அந்தப் 'பிறகு' இன்றுவரை வரவில்லை. ஆகவே கடிதம் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் இரண்டு மூன்று தடவையாகப் படி, ஆனால் முடிவுவரை படி. கேட்க வேண்டியதைக் கடைசியில்தான் கேட்டிருக்கிறேன்.

உன் தங்கை செல்வியின் குழந்தைக்கு ஆவணி 13, வெள்ளிக்கிழமை காது குத்து. இடம், உசிலம்பட்டிப் பக்கம் மாப்பிள்ளை வீட்டாரின் குலதெய்வக் கோவில். இது உனக்குத் தெரியும். ஆனி மாதம் தேதி குறித்த அன்றே சொல்லியாயிற்று. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். அதுவும் உனக்குத் தெரியும். நீ வருகிறாயா இல்லையா என்பது மட்டும்தான் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. வருகிறேன் என்று நீ சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு கூரியர் உறை. உள்ளே, போர்வைக்காக நீ தைத்துத் தர வேண்டிய சதுரம். அதனோடு ஒரு வரி எழுத்துகூட இல்லை. முதலில் அந்தச் சதுரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். மூன்று வாரமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருப்பது அதுதான்.

போர்வை உன் யோசனை என்பதை நினைவூட்டுகிறேன். மாட்டுப் பொங்கலன்று நம் குடும்பத்து வாட்சப் குழுவில் ஒரு படம் போட்டாய். பழைய சேலைகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்த போர்வை. புனேயில் உன் தெருவில் வீட்டுக்கு வீடு வெயிலில் காய்கிறது என்றாய். "பாப்பா காது குத்துக்கு மாமன் சீரா இதத்தான் குடுப்பேன். வீட்டுக்கு ஒரு சதுரம் தச்சு அப்பாகிட்டக் குடுங்க. அப்பா சேத்துருவாரு" என்று அதன் கீழே எழுதினாய். ஒன்பது வீடு, ஒன்பது சதுரம், மூன்றுக்கு மூன்று. ஒவ்வொன்றின் நடுவிலும் என் பழைய வேட்டியில் ஒரு சிறு சதுரம். அதைச் சுற்றி அந்தந்த வீட்டுச் சேலையில் நான்கு பட்டைகள். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அளவு என்று நீ எழுதியது ஒரே சொல்: "ஓரடி." எது ஓரடி? வெட்டும்போதா, சேர்த்துத் தைத்து முடித்த பிறகா? தையலுக்கு எவ்வளவு விட வேண்டும்? எதுவுமே இல்லை. நான் வரைவாளராக இருந்த காலத்தில் இப்படி ஒரு தாள் என் மேசைக்கு வந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன். சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

தைக்கத் தெரியாத நீ போர்வைக்கு ஆசைப்பட்டதால், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை எனக்கு வந்தது. தெரிந்துகொண்டேன். இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும்போது தையலுக்கு வெளியே கால் அங்குலத் துணி நிற்க வேண்டும். தேய்த்து மடித்தால் அது உள்ளே போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. சதுரம் முடிவில் ஓரடியாக நிற்க வேண்டுமானால், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டரை அங்குலமாக அது கைக்கு வர வேண்டும். அந்தக் கால் அங்குலத்தில் ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் ஒரு தையலில் தெரியாது. பட்டை பட்டையாகச் சேர்ந்து, சதுரம் சதுரமாகச் சேர்ந்து, வரிசையின் முடிவில் போர்வை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் தெரியும். அதனால் உன் அம்மாவின் தையல் மெஷினில், ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, துணியின் ஓரம் அதை ஒட்டியே ஓட வேண்டும் என்பதற்காகப் பிளாஸ்திரியை நாலு மடிப்பாக ஒட்டினேன். பிறகு ஒன்றரை அங்குலப் பட்டைகள் மூன்றைச் சேர்த்துத் தைத்து, தேய்த்து, நடுப் பட்டையை அளந்து பார்த்தேன். அது சரியாக ஓர் அங்குலம் இருந்தால்தான் நம் கால் அங்குலம் கால் அங்குலம். முதல் தடவை குறைந்தது. துணி மடிகிற இடம் ஒரு நூல் அளவைத் தின்றுவிடுகிறது. பிளாஸ்திரியை ஒரு நூல் உள்ளே தள்ளி ஒட்டிய பிறகு சரியாக வந்தது. சமையலறையிலிருந்து வந்து பார்த்த உன் அம்மா கேட்டாள்: "ஏங்க, மெஷினுக்கு எங்க காயம்?"

நம்மவர்கள் அனுப்பிய சதுரங்களைப் பற்றி எழுதினால் இந்தத் தாள் போதாது. நம் பெண்களுக்குத் தெரிந்த தையல் ரவிக்கைத் தையல், பாவாடைத் தையல். உடம்பு பெருத்தால் பிரித்து விட வேண்டும், பிள்ளை வளர்ந்தால் பிரித்து விட வேண்டும் என்று உள்ளே தாராளமாகத் துணி விட்டே பழகிய கைகள். உள்ளே துணி விடாமல் தைக்கிற தையல்காரரைக் கஞ்சன் என்று பெயர் சூட்டி அடுத்த கடைக்குப் போகிறவர்கள். பட்டைகளுக்கு இடையே நிறைய விட்டுத் தைத்ததால் சிலருடையது சுருங்கிவிட்டது. சுருங்கிவிடுமோ என்று பயந்து வெளியே நிறைய விட்டதால் சிலருடையது பெருத்துவிட்டது. திருப்பரங்குன்றத்திலிருந்து உன் அத்தை கொண்டுவந்த சதுரத்தில் ஒரு பக்கம் அரை அங்குலம், இன்னொரு பக்கம் இரண்டு விரற்கடை. நடுவில் இருக்க வேண்டிய என் வேட்டித் துணி வாசலோரம் போய் நிற்கிறது. ஏனம்மா இப்படி என்று கேட்டேன்.

"என்னண்ணே நீங்க? பிள்ளைக்குத் தைக்கிற துணியில உள்ள துணி விடாமயா தைப்பாக? நாளைக்குப் பிரிச்சு விட வேணாமா?"

"போர்வையை யாரு பிரிச்சு விடுவா? போர்வை வளராது."

"போர்வை வளராதுண்ணே. பிள்ள வளருமுல்ல!"

தையலைப் பிரிக்கிற கொக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அம்புட்டையும் பிரிக்கப் போறாகளா? ரேசன் அரிசியில கல்லுப் பொறுக்குறாப்புல இருக்கு. மதினி, இவுககூட எப்பிடித்தான் குடும்பம் நடத்துறீகளோ" என்றாள் உன் அத்தை. உன் அம்மா சிரித்தாளே தவிர மறுக்கவில்லை. உன் அம்மாவின் சதுரத்தையும் பிரித்தேன். அதற்கு மூன்று நாள் காப்பியில் சர்க்கரை குறைந்தது. இருந்தாலும், எட்டு வீட்டுச் சதுரங்களையும் ஒருவாறு பன்னிரண்டரைக்குக் கொண்டுவந்தேன். அதிகமாக விட்டது எத்தனை எரிச்சலைத் தந்தாலும், வெட்டினால் தீர்ந்தது.

ஆனி 30, திங்கட்கிழமை உன் உறை வந்தது. பிரித்து, மேசையில் விரித்து, அளந்தேன். நான்கு பக்கமும் சரியாகப் பன்னிரண்டு அங்குலம். மூலைகள் செங்கோணம். பட்டைகள் நூல் பிடித்தாற்போல் நேர். ஒன்பதில் அழகானது உன்னுடையதுதான். எழுதவே கசக்கிறது, ஆனால் உண்மை அதுதான். ஓரம் நூல் பிரிந்துவிடக் கூடாது என்று நான்கு பக்கமும் ஓவர்லாக் வேறு அடித்திருக்கிறாய். ஆக, முடிந்துபோன ஒரு பொருளை அனுப்பியிருக்கிறாய். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். பக்கத்துச் சதுரத்தோடு சேர்க்க முடியாது. தையலுக்கு அதில் துணி இல்லை. உன் ஓரடியில் கால் அங்குலம் எடுத்துத் தைத்தால், மாமன் சதுரம் என்று போர்வையின் நடுவில் வைக்க வேண்டிய அது இரண்டு பக்கமும் குறைந்து பதினொன்றரையாகிவிடும். சுற்றியிருக்கிற எட்டும் பன்னிரண்டில் நிற்கும். அதிகமாக விட்டதை வெட்டலாம், தம்பி. விடாததை எங்கே போய்க் கொண்டுவருவது?

எல்லா வழியும் யோசித்தேன். மற்ற எட்டையும் உன் அளவுக்குக் குறைக்கலாம் என்றேன். "ஒருத்தனுக்காக எட்டு வீட்டுத் துணியையும் வெட்டுறதா? நல்லாருக்கே நாயம்" என்றாள் உன் அம்மா. உன்னுடையதை எடுத்து வைத்துவிட்டு, அதேபோல ஒன்றை நானே தைத்து நடுவில் வைக்கிறேன் என்றேன். "அப்ப அது மாமன் சீரா, தாத்தன் சீரா?" என்றாள். இது கடையில் கொடுத்துத் தைத்ததாகத்தான் இருக்கும், அவனுக்கு இவ்வளவு நேர்த்தியாக வராது என்று நான் சொன்னபோது மட்டும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. சதுரத்தைத் திருப்பி, ஒவ்வொரு தையலும் முடிகிற இடத்தைக் காட்டினாள். முடிச்சின் மேல் முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு. "ஷூ நாடாவையே மூணு முடிச்சுப் போட்டுட்டுப் பள்ளிக்கொடம் போனவன் எம்பிள்ள. இது அவன் கைதான்" என்றாள். அவள் சொன்னது சரி என்று எனக்கும் தோன்றியது. அது என் எரிச்சலைக் குறைக்கவில்லை, கூட்டியது. இத்தனை பாடுபட்டுத் தைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கால் அங்குலம் விடத் தெரியவில்லையே.

தெரியவில்லை என்பது இந்தச் சதுரத்தில்தான் முதலில் தெரிந்தது என்று நினைத்துவிடாதே. பங்குனி மாதத்து இரண்டாம் ஞாயிறு, குழந்தையை முதன்முதலாகப் பார்க்க வந்தாய். காலையில் இறங்கினாய், சாயங்காலம் திரும்புவதற்குப் பயணச்சீட்டு உன் சட்டைப் பையில் இருந்தது. நீ செல்வி வீட்டுக்குப் போன நேரம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "இப்ப முழிச்சிரும்ணே, செத்த இரு" என்று செல்வி ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னாள். நீ கடிகாரத்தைப் பார்த்தாய். வெள்ளிக் கொலுசைத் தொட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினாய். உன் ஆட்டோ தெருமுனை திரும்பவும் குழந்தை விழிக்கவும் சரியாக இருந்தது. மறுநாள் அவள் உன்னைத் தொலைபேசியில் பிடித்து, "அளந்து வந்து அளந்து போறவன் மாமனா? நீ இல்லாமலே எம்பிள்ளைக்குக் காது குத்திக்கிறேன்" என்று கத்தியிருக்கிறாள். கத்துகிறவள் எதற்குக் கத்துகிறாள்? எதிரில் இருப்பவன், அடிப் போடி, நான் இல்லாமல் எப்படிக் குத்துவாய் என்று பதிலுக்குக் கத்த வேண்டும் என்பதற்குத்தான். நீ "சரி" என்றாய். அந்தச் 'சரி'க்கு முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை. அதை எதனோடு சேர்த்துத் தைப்பது? அன்றிலிருந்து நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நானும் உன் அம்மாவும் கிடந்து அல்லாடுகிறோம்.

இதற்கெல்லாம் காரணம் நான்தான் என்பது உன் அம்மாவின் கட்சி. "அப்பனுக்குப் பிள்ளை தப்பாமப் பெறந்திருக்கு, அளவு அளவுன்னு" என்கிறாள். இதை நான் ஏற்கவில்லை. நான் அளவு பார்க்கிறவன்தான். பேருந்து நிலையத்துக்கு எப்போதும் சீக்கிரமே போய் நிற்கிறவன் என்று நீயே கேலி செய்திருக்கிறாய். ஆனால் பேருந்து வரும்வரை நிற்பதற்கு நேரம் விட்டுத்தானே கிளம்புகிறேன்? என் அளவில் தையலுக்கு விடுவதும் சேர்ந்தே இருக்கும். வீட்டைக் கட்டும்போதும் கதவு மழைக்காலத்தில் ஊதும் என்று ஓர் இழை இடைவெளி விட்டுத்தான் நிலையில் பொருத்தச் சொன்னேன். நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது பாதி அளவு. மீதிப் பாதியை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

நேற்று முன்தினம், ஆடிப் பெருக்கன்று, செல்வி குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். உன் சதுரத்தை அவள் கண்ணில் படாமல் பீரோவில் வைக்கும்படி உன் அம்மா சொல்லியிருந்தாள். நான் அதை வேண்டுமென்றேதான் மேசையில் விட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"யப்பா, இது நான் தீபாவளிக்கு எடுத்துக் குடுத்த கட்டம் போட்ட சட்டைல்ல? ஒரு சைஸ் பெருசு, தொளதொளங்குதுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தானே, அது. போடாத சட்டைதானேன்னு வெட்டிட்டானாக்கும். வேண்டாத துணி எம்பிள்ளைக்கா?"

சேலையே இல்லாத வீட்டிலிருந்து சட்டைத் துணி வருவது இயல்பு என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். அது எந்தச் சட்டை என்று எனக்குத் தெரியாது. செல்வி அதைத் தூக்கிச் சன்னலுக்கு நேரே பிடித்தாள். வெளிச்சம் பட்டதும் துணி வழியே வெளியே இருந்த வேப்பமரம் தெரிந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"யம்மா, இங்க வா. எம்புட்டு நைஞ்சிருக்குன்னு பாரு."

"போட்டிருக்கான்டி" என்றாள் உன் அம்மா. "தொவச்சுத் தொவச்சுப் போட்டிருக்கான்."

"பின்ன எதுக்குப் பிடிக்கலன்னு சொன்னான்?"

"அவனக் கேளு."

அவள் உன்னைக் கேட்கவில்லை. என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். அவளுடைய சதுரம் சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டுத் தைத்தது. பதினான்கு அங்குலமாக என்னிடம் வந்தது. அதை நான் பன்னிரண்டரைக்கு வெட்டியிருந்தேன். வெட்டிய பட்டைகள் கத்தரிக்கோலுக்கு அடியில் கிடந்தன. "எஞ்சுங்குடிச் சேலைய இம்புட்டா வெட்டிருக்கீக?" என்று சண்டைக்கு வந்தவள், அந்த மஞ்சள் பட்டைகளைக் கையில் எடுத்ததும் நிறுத்தினாள். உன் சதுரத்தின் நான்கு பக்கமும் அவற்றை வைத்துப் பார்த்தாள். "இத வச்சு ஒட்டுப் போட்டுத் தைங்கப்பா. அவன் விடாதத நான்தான் விட்டு வச்சிருக்கேன்ல" என்றாள்.

எடுத்து அளந்தேன். பட்டையின் அகலம் முக்கால் அங்குலம். உன் சதுரத்தோடு சேர்க்கக் கால் அங்குலம், பக்கத்துச் சதுரத்தோடு சேர்க்கக் கால் அங்குலம், கண்ணுக்குத் தெரியக் கால் அங்குலம். இம்மியும் கூடவில்லை, குறையவில்லை. நீளமும் போதுமானதாக இருந்தது. அன்று பிற்பகலே தைத்தேன். உன் ஓவர்லாக் ஓரம் உள்ளே போய்விட்டது. தேய்த்து அளந்தால் பன்னிரண்டரை. நேற்று ஒன்பதையும் சேர்த்துவிட்டேன். போர்வை தரையில் விரித்தால் எங்கும் தூக்காமல், எங்கும் இழுக்காமல் படிகிறது. செல்லூரில் வாங்கிய அடித்துணியை வைத்துத் தைக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. ஒரே ஒரு குறை. மற்ற எட்டுச் சதுரத்திலும் இல்லாத ஒரு மஞ்சள் கோடு உன் சதுரத்தைச் சுற்றி ஓடுகிறது. பார்க்கிறவர்கள், இது ஏன் இங்கே மட்டும் என்று கேட்கத்தான் போகிறார்கள். ஒழுங்கைக் கெடுக்கிற அந்தக் கோடு என் கண்ணை உறுத்துகிறது. ஆனால் அதைப் பிரித்தால் போர்வை இல்லை.

புறப்படும்போது செல்வி வாசலில் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. "அண்ணன் வந்தா அவன் மடி. வரலேன்னா இந்தப் போர்வைய, அவன் சட்டைத் துணி மேல வர்ற மாதிரி மடிச்சுப் பலகையில போட்டு, அதுல உக்கார வச்சுக் குத்திக்கிறேன். வேற யாரு மடியும் எம்பிள்ளைக்கு வேணாம்." அவள் மாமனார் வீட்டார் அத்தனை பேரும் கூடியிருக்கிற இடத்தில், தாய்மாமன் உயிரோடு புனேயில் இருக்க, குழந்தையை ஒரு துணியின் மேல் உட்கார வைத்துக் காது குத்துவாள். அவள் சொன்னதைச் செய்கிறவள் என்பது உனக்குத் தெரியும். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க என்னால் முடியாது. உன் அம்மாவால் நிச்சயமாக முடியாது.

ஆகவே கேட்கிறேன். நீ வருகிறாயா? இதற்கு 'ம்' என்று பதில் அனுப்பாதே. 'சரி' என்றும் அனுப்பாதே. என்னிடம் சொல்வதைவிட முதலில் செல்வியைக் கூப்பிடு. கூப்பிட்டவுடன் அவள் கத்துவாள். கத்தி முடிக்கும்வரை போனை வைக்காதே. நீயும் இரண்டு வார்த்தை கத்து, தப்பில்லை. சட்டை ஏன் நைந்துபோனது என்று அவள் கேட்டால், உண்மையைச் சொல்.

பயணச்சீட்டை எப்படிப் போட வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மறுபடியும் ஓரடிக்கு ஓரடி வெட்டிக்கொண்டு வருவாய். வியாழக்கிழமை விடியும்போது மதுரையில் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் திரும்பும் வண்டி இருக்கக் கூடாது. குழந்தை தூங்கினால் விழிக்கும்வரை உட்கார்ந்திரு. காது குத்து வெள்ளிக்கிழமை ஒரு நாள்தானே என்று நீ கேட்பாய், கேட்கிறவன்தான் நீ.

வெள்ளிக்கிழமை காது குத்துக்கு. வியாழனும் சனியும் தையலுக்கு.

உன் அப்பா